பல்லு வலிக்கு ரெண்டு மாத்திரை: மெடிக்கல் கவுன்ட்டர்ல தொடங்கக்கூடிய ஒரு பேச்சு

(எபிசோடில் பேசியதை, படிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கியும் ஒழுங்குபடுத்தியும் தந்திருக்கிறோம்.)

ஒரு கேள்வியோட ஆரம்பிப்போம். ராத்திரி முழுக்கப் பல் வலி, தூக்கமே இல்ல. விடிஞ்சதும் முதல்ல எங்க போவீங்க?

பல் டாக்டர்கிட்டன்னு சொல்றவங்க ரொம்ப நல்லவங்க. நம்மள்ல முக்கால்வாசிப் பேர் தெருமுனை மெடிக்கலுக்குத்தான் போவோம். "அண்ணே, பல்லு வலிக்கு ஒரு செட் குடுங்க." அவர் ஒரு சின்ன பேப்பர் கவர்ல வலி மாத்திரை, ஆன்டிபயாடிக், கேஸ் மாத்திரைன்னு மூணு நிறத்துல போட்டுக் கொடுப்பார். ரெண்டு நாள் ஓடிடும். பல் டாக்டர் நினைப்பும் ஓடிடும்.

இதே இடத்துல இன்னொருத்தரை வச்சுப் பாருங்க. சட்டைப் பையில எப்பவும் ஒரு ஹான்ஸ் பாக்கெட். இல்லன்னா சாயங்காலம் ஆனா டாஸ்மாக். இல்லன்னா வலி மாத்திரையையே போதைக்காகப் போட்டுப் பழகின ஒரு பையன். இவங்க பல் டாக்டரோட நாற்காலியில போய் உட்காருறது ரொம்ப அபூர்வம். வாயைத் திறந்தாலே எல்லாம் தெரிஞ்சிடுமேங்கிற கூச்சம் ஒண்ணு, பணம் இன்னொண்ணு. போதை மீட்பு மையத்துக்குப் போறது அதைவிடப் பெரிய படி. ஆனா மெடிக்கலுக்கு மட்டும் வாரம் ரெண்டு தடவை வந்துட்டுப் போவாங்க. வாய்ப்புண் ஜெல், வலி மாத்திரை, ஒரு பி-காம்ப்ளக்ஸ் அட்டை.

அதனால போதைப் பழக்கம் இருக்கிற ஒருத்தரோட வாயைப் பத்தி முதல்ல பேசக்கூடிய ஆள், நம்ம தெரு மருந்தாளுநர்தான். அவர் என்ன பேசலாம், ஏன் பெரும்பாலும் பேசுறதில்ல, இதுதான் இன்னிக்கு விஷயம். நான் பாளையங்கோட்டைக்காரன், இப்போ இருக்கிறது சென்னை. ஆனா இந்த எபிசோடை எங்க ஊர்ப் பக்கம் வச்சுத்தான் பேசப்போறேன். அதுக்குக் காரணம் இருக்கு.

தாமிரபரணி பாபநாசத்துல மலையை விட்டு இறங்கி அம்பாசமுத்திரம், முக்கூடல், சேரன்மகாதேவி வழியா திருநெல்வேலிக்கு வருது. வெளியூர்க்காரங்களுக்கு இந்தப் பள்ளத்தாக்குன்னா நெல்லும் வாழையும் அல்வாவும்தான். உள்ளூர்க்காரங்களுக்கு இன்னொரு தொழிலும் தெரியும், பீடி. முக்கூடல் சொக்கலால் பீடியோட ஊர். மேலப்பாளையத்துலயும், இப்போ தென்காசி மாவட்டத்துல இருக்கிற கடையம் பக்கத்துலயும் தலைமுறை தலைமுறையா பெண்கள் வீட்டுத் திண்ணையில உட்கார்ந்து பீடி சுத்துறாங்க. மடியில தட்டு, தட்டுல இலையும் தூளும். பீடித் தொழிலாளர்களுக்குன்னே முக்கூடல்ல மத்திய அரசு ஒரு மருத்துவமனை வச்சிருக்கு. சில வீடுகள்ல புகையிலை, அரிசி பருப்பு மாதிரி எப்பவும் கையெட்டுற தூரத்துல இருக்கிற பொருள். வெத்தலையோட ஒரு துண்டு புகையிலையை வாயில அடக்கிக்கிட்டே வேலை பார்க்கிற ஆச்சிகளை "போதைப் பழக்கம்"ங்கிற வார்த்தைக்குள்ள யாரும் கொண்டு வரமாட்டாங்க. அந்த ஆச்சியும் தன்னை அப்படி நினைக்கப்போறதில்ல.

புகையிலைன்னா சிகரெட்னுதான் நகரத்துல நினைக்கிறோம். 2016-17ல நடந்த தேசியப் புகையிலைக் கணக்கெடுப்பு வேற மாதிரி சொல்லுது. இந்தியாவுல பெரியவங்கள்ல 28.6 சதவீதம் பேர் ஏதோ ஒரு வகையில புகையிலை பயன்படுத்துறாங்க. புகைக்கிறவங்க 10.7 சதவீதம். மெல்லுறது, அடக்குறதுன்னு புகையில்லாத வகையைப் பயன்படுத்துறவங்க 21.4 சதவீதம். ரெண்டும் பண்றவங்களும் இதுக்குள்ளதான். அதாவது இந்தியாவோட புகையிலைப் பிரச்சினை, பெரும்பாலும் வாய்க்குள்ள நடக்கிற பிரச்சினை.

தமிழ்நாட்டுல 2013 மே மாசத்திலிருந்து குட்காவுக்கும் பான் மசாலாவுக்கும் தடை இருக்கு. ஒவ்வொரு வருஷமும் உணவுப் பாதுகாப்புச் சட்டத்துல புதுப்பிப்பாங்க. 2023 ஜனவரியில சென்னை உயர் நீதிமன்றம் அந்த அறிவிப்பை ரத்து பண்ணுச்சு. ஏப்ரல்ல உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்புக்குத் தடை போட்டது. 2024ல மதுரைக் கிளையில 'கூல் லிப்' பத்தின வழக்கு பேச்சாச்சு, நினைவிருக்கா? பள்ளிக்கூடப் பசங்க உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவுல வச்சுக்கிற சின்னப் பொட்டலம். வாசனை இல்ல, துப்ப வேண்டியதில்ல, வகுப்புல வாத்தியாருக்குத் தெரியாது. தடை இருந்தும் கிடைக்குதுங்கிறது எனக்கும் உங்களுக்கும் தெரிஞ்சதுதான்.

சரி, வாய்க்குள்ள என்ன நடக்குது? புத்துநோய்ங்கிற ஒரே வார்த்தையைச் சொல்லிப் பயமுறுத்தி முடிச்சிடுறாங்க. அதுக்கு முன்னாடி நடக்கிறதை யாரும் சொல்றதில்ல.

முதல் விஷயம் ஈறு. நிக்கோட்டின் ரத்தக் குழாயைச் சுருக்கும். அதனால புகைபிடிக்கிறவங்களுக்கு ஈறு நோய் முத்தினாலும் ரத்தம் அவ்வளவா கசியாது. கண்ணாடியில பார்த்தா நல்லா இருக்கிற மாதிரியே இருக்கும். பழக்கத்தை விட்ட கொஞ்ச நாள்ல ரத்த ஓட்டம் திரும்பும், பல் தேய்க்கும்போது ரத்தம் வரும். சிலருக்கு விட்ட முதல் வாரங்கள்ல வாய்ப்புண்ணும் வரும். அப்போ அவங்க என்ன நினைப்பாங்க? "பாத்தியா, அது இருந்த வரைக்கும் பல்லு நல்லா இருந்துச்சு, விட்டதும் கெட்டுப்போச்சு." திரும்பவும் அங்கேயே போயிடுவாங்க. "விட்டா கொஞ்ச நாள் இப்படி வரும், பயப்படாதீங்க, பல் டாக்டரை ஒரு தடவை பாருங்க"ன்னு முன்னாடியே ஒரு வரி சொல்லி வச்சிருந்தா, அந்த ஆள் திரும்பிப் போகாம இருக்க வாய்ப்பு உண்டு. அந்த ஒரு வரிக்கு செலவு ஒண்ணும் இல்ல.

ரெண்டாவது, பாக்கு. "புகையிலை கிடையாதுப்பா, வெறும் பாக்குதான்"னு நம்ம ஊர்ல சொல்லாத கல்யாண வீடு கிடையாது. உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு முகமை, பாக்கு தனியாவே புற்றுநோய் உண்டாக்கும்னு 2004லயே அறிக்கை போட்டிருக்கு. பாக்குல இருக்கிற அரிகோலின், கன்னத்தோட உள் தோல்ல நார் நாரா திசுவை வளர்க்கும். முதல்ல காரம் பட்டா எரியும். அப்புறம் கன்னம் விறைக்கும். அப்புறம் வாய் திறக்கிற அளவு குறையும். இப்படி இறுகினது பழைய நிலைக்கு முழுசா திரும்பாது. சிலருக்கு இது புற்றாவும் மாறும்.

இதை நான் புத்தகத்துல படிக்கிறதுக்கு முன்னாடி எங்க மாமா ஒருத்தர்கிட்ட பார்த்தேன். சேரன்மகாதேவி பக்கம், நெல் அறுக்கிற மெஷின் ஓட்டுவார். பையில பான் மசாலா இல்லாம மெஷின்ல ஏற மாட்டார். ஒரு காலத்துல மீன் குழம்புக்காகவே சண்டை போடுற ஆளு, கொஞ்சம் கொஞ்சமா காரத்தைத் தொடுறதையே விட்டுட்டார். தயிர்ச் சோறு, இல்லன்னா சொதி. சொதி தெரியாதவங்களுக்கு: தேங்காய்ப்பால்ல காய்கறி போட்டு எங்க ஊர்ல கல்யாணத்துக்கு மறுநாள் வைக்கிற குழம்பு, காரமே இருக்காது. வீட்ல எல்லாரும், "வயசாகுது, வயித்துப் புண்ணு"ன்னு சொல்லிக்கிட்டோம். அத்தை வாரம் ஒரு நாள் சொதி வைக்க ஆரம்பிச்சிட்டாங்க.

கண்டுபிடிச்சவர் மெடிக்கல் அண்ணாச்சி. மாமா மூணாவது தடவையா வாய்ப்புண் ஜெல் கேட்டப்போ, அவர் கேட்டது இதுதான்: "அண்ணாச்சி, இத மூணு மட்டம் வாங்கிட்டுப் போயிட்டிய. வாயக் கொஞ்சம் தொறங்க, பாப்பம். மூணு வெரல ஒண்ணுமேல ஒண்ணா வச்சு உள்ள விடுங்க." ரெண்டு விரலே கஷ்டப்பட்டுத்தான் போச்சு. "இது ஜெல்லுக்கு அடங்காது. ஐகிரவுண்டு ஆஸ்பத்திரில பல் டிப்பார்ட்மென்ட் இருக்கு, நாளைக்கே போங்க." பாக்கெட்டைப் பத்தி அன்னிக்கு ஒரு வார்த்தை பேசல. அதை மாமாவே, சீட்டுல எழுதிக் கொடுன்னு கேட்கும்போது, சொல்லிட்டார்.

ஐகிரவுண்டுன்னு நாங்க சொல்றது திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. சதை எடுத்துப் பரிசோதிச்சாங்க, புற்று இல்ல. நார்த்திசு இறுக்கம்தான். பாக்கை விட்டார், வாய்ப் பயிற்சி பண்றார், இப்பவும் பெரிய கவளம் போகாது. ஒரு வருஷம் முன்னாடி யாராவது பார்த்திருந்தா மூணு விரலும் போயிருக்குமோ என்னவோ.

அந்த அண்ணாச்சி பண்ணதை மூணு வார்த்தையில சொல்லலாம்: கேட்டார், சொன்னார், அனுப்பினார். உலகம் முழுக்கப் புகையிலையை விட வைக்கிறதுக்குச் சொல்லித்தர்ற சுருக்கமான முறையும் கிட்டத்தட்ட இதுதான். ரெண்டு நிமிஷ வேலை. எனக்கு இதுல பிடிச்சது, பேச்சு வாயிலிருந்து ஆரம்பிச்சதுதான். "ஏன்யா இதைப் போடுற"ன்னு கேட்டா எவனும் அடுத்த தடவை அந்தக் கடைக்கு வரமாட்டான். "எத்தனை நாளா எரியுது"ன்னு கேட்டா பதில் சொல்லுவான்.

கவுன்ட்டர்ல மருந்தாளுநரால மட்டுமே சரியா சொல்லக்கூடிய இன்னொரு விஷயம் நிக்கோட்டின் சூயிங்கம். 2 மில்லிகிராம் கம், டாக்டர் சீட்டு இல்லாம விற்கிறாங்க; 4 மில்லிகிராமுக்கு சீட்டு வேணும். பிரச்சினை என்னன்னா, கவர்ல சூயிங்கம்னு இருக்கவும் ஆளு பபிள்கம் மாதிரி மென்னு தள்ளுறார். நிக்கோட்டின் எல்லாம் எச்சிலோட வயித்துக்குள்ள போய் விக்கல், குமட்டல், நெஞ்செரிச்சல். "எனக்கு இது ஒத்துக்கல"ன்னு ரெண்டாம் நாளே தூக்கிப் போட்டுடுவார். சரியான முறை: நாலஞ்சு தடவை மெதுவா கடிக்கணும். சுள்ளுன்னு ஒரு காரம் வரும். வந்ததும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவுல ஒதுக்கி வச்சிடணும். காரம் போனதும் திரும்ப ரெண்டு கடி, வேற பக்கம் ஒதுக்கணும். இப்படி அரை மணி நேரம். காபி, ஜூஸ், சோடா குடிச்சா கால் மணி நேரம் கழிச்சுத்தான் போடணும், புளிப்பு நிக்கோட்டினை உறிஞ்ச விடாது. ஹான்ஸ் போட்டுப் பழகினவங்களுக்கு இந்த ஒதுக்குற வித்தையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்ல, அவங்க அதுல டாக்டரேட்! "நீங்க அதை எங்க அடக்குவியளோ அங்கேயே இதையும் அடக்குங்க"ன்னா போதும். வாயே திறக்க முடியாதவருக்கும், பல் ஆடுறவருக்கும் கம் சரிப்படாது. அவங்களுக்கு மிட்டாய் மாதிரி கரையுற லாசெஞ்ச் இருக்கு, தோல்ல ஒட்டுற பேட்ச் இருக்கு. கர்ப்பிணியா இருந்தா, சமீபத்துல மாரடைப்பு வந்தவரா இருந்தா, டாக்டர்கிட்ட அனுப்பணும். எதை யாருக்குக் கொடுக்கிறதுன்னு தெரிஞ்சவர் அந்தக் கவுன்ட்டருக்குப் பின்னாடிதான் நிக்கிறார்.

அடுத்தது குடி. குடிக்கிறவங்களுக்கு வாய் வறண்டு போகும். எச்சில்தான் பல்லுக்குக் காவல்காரன். அது குறைஞ்சா சொத்தை வேகமா வரும். வாந்தி எடுக்கிறவங்களுக்கு வயித்து அமிலம் எனாமலை அரிக்கும். வாந்தி எடுத்த உடனே பல் தேய்க்கக் கூடாது, தண்ணி விட்டுக் கொப்பளிச்சிட்டு அரை மணி நேரமாவது பொறுக்கணும். இது யாருக்குத் தெரியும்? ஹேங்ஓவரோட காலையில எந்திரிச்சதும் பேஸ்ட்டைத்தான் எடுக்கிறோம்.

இப்போ அந்த "செட்"டுக்கு வருவோம். பல் வலி செட்டுல மெட்ரோநிடசோல் அடிக்கடி இருக்கும். அதைப் போட்டுக்கிட்டு ராத்திரி குடிச்சா சிலருக்கு வாந்தி, படபடப்பு, முகம் சிவந்து எரியுற மாதிரி வரும்னு மருந்துப் புத்தகங்கள் எச்சரிக்குது. குடியை நிறுத்த டைசல்ஃபிரம் மாத்திரை சாப்பிடுறவர்னா மெட்ரோநிடசோல் பக்கமே போகக் கூடாது, மனக்குழப்பம் வரைக்கும் கொண்டுபோகும். அதே ஆளு, ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ் வாங்குறதும் ஆபத்துதான். ஆல்கஹால் இல்லாத வகை இருக்கு, அதை எடுத்துக் கொடுக்கணும். டைக்ளோபெனாக் மாதிரி வலி மாத்திரையும் சரக்கும் சேர்ந்தா வயித்துல ரத்தக் கசிவு. தினமும் குடிக்கிறவர் பாராசிட்டமாலை அளவில்லாமப் போட்டா கல்லீரல். இத்தனையையும் தவிர்க்க ஒரே கேள்வி போதும்: "அண்ணாச்சி, சாயங்காலம் எடுத்துக்கிடுவியளா?" கேட்கிற விதத்துல கேட்டா யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க. கேக்காம கவரை மடிச்சுக் கொடுக்கிறதுதான் இன்னிக்கு நடக்குது.

இதுல ஒரு பழைய வினை வேற இருக்கு. பல் வலிக்குப் புகையிலையை வச்சு அமுக்குறது நம்ம ஊர் வைத்தியம். மரத்துப்போகும், வலி குறைஞ்ச மாதிரி இருக்கும். அப்படி ஆரம்பிச்சு அதையே பிடிச்சுக்கிட்டவங்க உண்டு. பல்பொடியிலேயே புகையிலை கலந்து வித்த நாடு இது. 1992லதான் மத்திய அரசு அதைத் தடை பண்ணுச்சு. ஆகப் பல் வலி, பழக்கத்தோட விளைவு மட்டும் கிடையாது, சில சமயம் அதுதான் தொடக்கம்.

வெளிநாட்டுல இது எப்படி நடக்குது? பிரிட்டன்ல ஹெராயின் பழக்கத்துக்குச் சிகிச்சை எடுக்கிறவங்க தெரு மருந்துக் கடைக்கே தினமும் வந்து, மருந்தாளுநர் கண் முன்னாடி மெத்தடோன் குடிச்சிட்டுப் போவாங்க. தினமும் பார்க்கிற முகம். அந்தச் சமயத்துலயே பல்லைப் பத்தியும் பேசலாமேன்னு அங்க யோசிக்க ஆரம்பிச்சாங்க. 2001லயே பிரிட்டிஷ் பல் மருத்துவ இதழ்ல, மருந்துக் கடைக்கு வர்ற போதைப் பழக்கம் உள்ளவங்களையும் மத்தவங்களையும் ஒப்பிட்டு ஒரு ஆய்வு வந்தது. நம்ம நாட்டுல மெத்தடோன் தெருக் கடைக்கு வராது. புப்ரெனார்ஃபின் மாத்திரை சிகிச்சை மையத்துல கொடுப்பாங்க, நாக்குக்கு அடியில வச்சுக் கரைக்கணும். இப்படிக் கரைக்கிற புப்ரெனார்ஃபின் மருந்துகளால பல் சொத்தை, பல் இழப்பு வரலாம்னு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2022 ஜனவரியில எச்சரிச்சது. மருந்தை நிறுத்தச் சொல்லல, அது உயிரைக் காப்பாத்துற மருந்து. முழுசா கரைஞ்சதும் ஒரு வாய் தண்ணியை நல்லா சுழட்டி விழுங்கணும், பல் தேய்க்க ஒரு மணி நேரம் பொறுக்கணும். அவ்வளவுதான் அறிவுரை.

சரி, இவ்வளவு நல்ல விஷயம் ஏன் நடக்கல? ஊர்ல ஒரு மருந்தாளுநர்கிட்ட இதையே கேட்டேன். "ஏழு மணிக்கு வந்து பாருங்க தம்பி"ன்னார். போனேன். கவுன்ட்டர்ல பன்னிரண்டு பேர், உள்ள ரெண்டு பேர். பக்கத்துல நிக்கிறவர் தோளு இடிக்குது. அந்தக் கூட்டத்துல எவர்கிட்டயாவது "வாயைத் திறங்க"ன்னு சொல்ல முடியுமா? 2015ல வந்த மருந்தகத் தொழில் நெறிமுறைகள், நோயாளிக்கு ஆலோசனை சொல்றது மருந்தாளுநரோட கடமைன்னு எழுதி வச்சிருக்கு. சொல்ற நேரத்துக்குக் கூலி யார் தருவாங்கன்னு எழுதல. மாத்திரை விற்றாத்தான் காசு, "மாத்திரை வேண்டாம், டாக்டரைப் பாருங்க"ன்னா நஷ்டம். சில கடையில சுவர்ல மாட்டியிருக்கிற சான்றிதழ்ல இருக்கிற ஆள் கடையில இருக்கவே மாட்டார். கவரை மடிக்கிறவர் பன்னிரண்டாம் வகுப்பு முடிச்ச தம்பி. அந்தத் தம்பியைக் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்ல.

இன்னொரு சிக்கல், பேசவே தர்மசங்கடமானது. டேபென்டடால் மாதிரி வலி மாத்திரைகளைப் போதைக்காகத் தேடி வர்ற பசங்க எல்லா ஊர்லயும் இருக்காங்க. சீட்டு இல்லாம அதை வித்து மாட்டின கடைகளும் உண்டு. அதனால ஒழுங்கா கடை நடத்துறவர்கூட அந்த மாதிரி பசங்களைக் கண்டா "இல்ல, போ"ன்னு ஒரே வார்த்தையில அனுப்பிடுறார். பயம், நியாயமான பயம். ஆனா அந்தப் பையன் நாளைக்கு நிஜமாவே தாடை வீங்கி வந்தாலும் அதே "இல்ல, போ"தான். மாத்திரையை மறுக்கிறதும் ஆளை மறுக்கிறதும் வேற வேறன்னு அந்த மருந்தாளுநரே சொன்னார். "ஆஸ்பத்திரிக்குப் போடே, பல் டாக்டர் காசு கேக்க மாட்டாரு"ன்னு ஒரு வரி சேர்த்துச் சொல்றாராம்.

என் யோசனையைக் கேட்டா, தனியார் கடையில தொடங்குறதைவிட அரசு கையில இருக்கிற இடத்துல தொடங்கலாம். 2025 பிப்ரவரியில தமிழ்நாடு முழுக்க 1,000 முதல்வர் மருந்தகம் திறந்தாங்க. குறைஞ்ச விலை மருந்து கிடைக்குது, நல்லது. கூடவே ஒரு டார்ச் லைட்டும், பக்கத்து அரசு மருத்துவமனைப் பல் பிரிவோட நேரம் அச்சடிச்ச ஒரு துண்டுச் சீட்டும், ஒரு நாள் பயிற்சியும் கொடுத்தா என்ன குறைஞ்சுடும்? வாய் பார்த்து அனுப்புற ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரு சின்னத் தொகை கொடுத்தா இன்னும் நல்லது. இலவசமா பண்ணுங்கன்னு கேட்டா நடக்காது, கும்பிடு போட்டுட்டுப் போயிடுவாங்க.

கேட்டுக்கிட்டு இருக்கிற உங்கள்ல யாருக்காவது, இல்ல வீட்ல யாருக்காவது, ரெண்டு வாரமாகியும் ஆறாத புண், தேய்ச்சாலும் போகாத வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, காரம் பட்டா எரிச்சல், மூணு விரல் போகாத வாய், காரணமில்லாம ஆடுற பல், இதுல ஏதாவது இருந்தா ஜெல்லை வச்சுட்டு அரசு மருத்துவமனைப் பல் பிரிவுக்குப் போங்க. பழக்கத்தை முழுசா விட்டுட்டுத்தான் போகணும்னு எந்தச் சட்டமும் இல்ல, பாக்கெட் பையில இருக்கும்போதே போகலாம். புகையிலையை விட உதவிக்கு 1800-11-2356. மது, மத்த போதைப் பழக்கத்துக்கு 14446. மனசு சரியில்லன்னா 14416. மூணுக்கும் காசு கிடையாது.

அப்புறம் நம்ம கேட்பவர்கள்ல பி.ஃபார்ம், டி.ஃபார்ம் படிக்கிறவங்க நிறையப் பேர் இருக்கீங்கன்னு மெயில்ல தெரியுது. உங்க ஊர்க் கடையில இப்படி யாராவது வாயைத் திறந்து பார்த்திருக்காங்களா, எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல ஒரு பல் டாக்டரை உட்கார வச்சு, ரூட் கெனாலுக்கு ஏன் அவ்வளவு காசுன்னு கேக்கப்போறோம்.